ரிக்‌ஷாவை விரட்டிய தெரு

ஊரிலிருந்து யார் தில்லிக்கு வந்தாலும் இரண்டாம் நாளே "சாந்தினி சௌக் எப்போ?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பெண்களுக்குச் சேலை, பிள்ளைகளுக்கு ஜிலேபி, பெரியவர்களுக்குச் செங்கோட்டை. கூட்டிப்போகிற நாம்தான் கைடு என்பதால், அந்தத் தெருவின் கதை கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. குறிப்பாக, கைடு புத்தகங்களில் வராத சமீபத்துக் கதை.

பழைய கதையைச் சுருக்கிவிடுகிறேன். ஷாஜஹானின் மகள் ஜஹானாரா பேகம் 1650 வாக்கில் அமைத்த கடைவீதி இது. செங்கோட்டையின் லாகூர் வாசலில் தொடங்கி ஃபதேபுரி மசூதி வரை ஒரே நேர்கோடு. நடுவில் கால்வாய், ஒரு சதுக்கத்தில் குளம். குளத்து நீரில் நிலவொளி விழுந்ததால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். 1912-இல் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் யானைமேல் ஊர்வலம் வந்தபோது குண்டு வீசப்பட்டதும் இங்கேதான். 1908 முதல் 1963 வரை தில்லியில் டிராம் ஓடியது, இந்தத் தெருவிலும் ஓடியது. (டிராம் என்றதும் மெட்ராஸ் நினைவு வருகிறவர்கள் இன்னும் சிலர் இருப்பீர்கள்!)

டிராம் போனது, கார், ஸ்கூட்டர், டெம்போ எல்லாம் வந்தன. 2000-க்குப் பிறகு நெரிசல் தாங்கவில்லை. யாரை வெளியேற்றுவது என்ற கேள்வி வந்தபோது முதலில் மாட்டியது யார் தெரியுமா? சைக்கிள் ரிக்‌ஷா. 2006-இல் உயர் நீதிமன்ற உத்தரவோடு இந்தத் தெருவில் ரிக்‌ஷாவுக்குத் தடை வந்தது. பதிலுக்கு சிறிய சி.என்.ஜி. பஸ்கள். வரிசையாக நின்ற கார்கள் நின்றபடியே இருந்தன.

ரிக்‌ஷா ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் பீகார், உத்தரப் பிரதேசம், வங்காளம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நம்மைப் போலவே பிழைக்க வந்தவர்கள்தான். என்ன, நமக்கு ஆபீசும் அடையாள அட்டையும் உண்டு. அன்று மாநகராட்சி, நகரம் முழுக்க 99,000 ரிக்‌ஷாக்களுக்கு மேல் உரிமம் தரமாட்டேன் என்றது. சொந்தக்காரரே ஓட்டவேண்டும், வாடகைக்கு விடக்கூடாது என்றும் ஒரு விதி. ஒருவர் நான்கு கார் வாங்கலாம், டிரைவரும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு ரிக்‌ஷா வைத்திருந்தால் குற்றம்!

'மானுஷி' அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2010 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்த உச்சவரம்பையும் சொந்தக்காரர் விதியையும் செல்லாது என்றது. 2006 தடையையும் மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது. மாநகராட்சி மேல்முறையீடு செய்தது. 2012-இல் உச்ச நீதிமன்றத்திலும் அது எடுபடவில்லை. என்னைக் கேட்டால், இந்தத் தெருவின் வரலாற்றில் நாதிர்ஷா படையெடுப்புக்குக் கொடுக்கிற அளவு இடம் இந்தத் தீர்ப்புக்கும் கொடுக்கலாம்.

அடுத்தது, தெருவையே மாற்றிக் கட்டும் வேலை. 'தில்லி ஹாட்'டை வடிவமைத்த பிரதீப் சச்தேவாவின் வடிவமைப்பு. 2018 டிசம்பரில் தோண்ட ஆரம்பித்தார்கள். தலைக்கு மேலே தொங்கிய கம்பிக்காடு பூமிக்குள் போனது. அகலமான நடைபாதை, சிவப்புக் கல் பாவல், உட்காரக் கல் இருக்கைகள், வண்டி ஏறாமல் தடுக்கும் கல்தூண்கள். கொரோனாவில் இழுத்தடித்து, 2021 செப்டம்பர் 12 அன்று திறப்பு விழா. சச்தேவா அதைப் பார்க்கவில்லை, 2020-லேயே காலமாகிவிட்டார். (நம் பாண்டி பஜார் நடைபாதை 2019-லேயே திறந்தாயிற்று என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.)

ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் நீளத்துக்கு, காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்பது விதி. நடக்கலாம், சைக்கிளில் போகலாம். அதுவும் முடியாதவர்களுக்கு? சைக்கிள் ரிக்‌ஷா! எதை நெரிசல் என்று விரட்டினார்களோ, அதற்கென்றே தெருவைக் கட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். ஆனால் திறந்த சில மாதங்களிலேயே பைக்குகள் உள்ளே புகுகின்றன, தூண்கள் உடைகின்றன என்று பேப்பரில் வர ஆரம்பித்துவிட்டது. காவலுக்கு ஆள் இல்லாத நேரத்தில் விதி கொஞ்சம் தூங்கிவிடும்.

விருந்தாளிகளோடு போகிறவர்களுக்கு: காரை எடுக்காதீர்கள். லால் கிலா மெட்ரோவில் இறங்கினால் கோட்டை எதிரிலேயே இருக்கிறது. அங்கிருந்து ஃபதேபுரி வரை ரிக்‌ஷா. கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், ரொம்பவும் பேரம் பேசாதீர்கள். பராட்டா வேண்டுமென்றால் பாதி வழியில் இடப்பக்கம் இறங்கிக்கொள்ளலாம்.