கேலி குற்றமான கதை: ‘பாலியல் துன்புறுத்தல்’ என்னும் சொல்லின் வரலாறு

தமிழ் நாளிதழ்களின் குற்றச் செய்திகளில் நெடுங்காலம் வழங்கிய சொல் ‘சில்மிஷம்’. ஓடும் பேருந்தில் பெண்ணிடம் சில்மிஷம், வாலிபர் கைது என்ற வகைத் தலைப்புகள் யாரையும் உறுத்தியதில்லை. குழந்தையின் குறும்புக்கும் அதே சொல்தான். இன்று அச்செயலைப் ‘பாலியல் துன்புறுத்தல்’ என்கிறோம். அன்றாடப் பேச்சில் கலந்துவிட்ட பெண்ணியச் சொற்களில் வழக்குமன்றம் வரை சென்று வேலை செய்த சொல் இது. யாருடைய நடத்தையை விசாரிப்பது, எதை நிரூபிப்பது என்ற இரண்டும் இச்சொல்லோடு சேர்ந்து மாறின என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கு இருந்தவை 354, 509 ஆகிய பிரிவுகள். இரண்டும் பெண்ணின் நாணத்துக்கு நேர்ந்த ஊறு என்றே குற்றத்தை வரையறுத்தன. தமிழில் அது ‘மானபங்கம்’ ஆயிற்று. வன்புணர்ச்சி ‘கற்பழிப்பு’ ஆயிற்று. குற்றம் செய்தவன் ஒருவன், மானமும் கற்பும் இழந்தவளாகப் பேசப்படுபவள் இன்னொருத்தி. கற்பு என்ற கருத்தையே ‘குடிஅரசு’ இதழில் பெரியார் 1920களின் இறுதியில் கேள்விக்குள்ளாக்கிய பிறகும், ‘கற்பழிப்பு’ பல பத்தாண்டுகள் செய்தித்தாள்களில் நிலைத்திருந்தது.

புதிய சொல் பிறந்தது அமெரிக்காவின் இத்தாகா நகரில், ஓர் அலுவலக விண்ணப்பத்தை ஒட்டி. கார்னெல் பல்கலைக்கழகத்தின் அணு ஆய்வுக்கூடமொன்றில் நிர்வாகப் பணியில் இருந்த கார்மிட்டா வுட், மேலதிகாரியின் தொடர்ந்த அத்துமீறலால் உடல்நலம் கெட்டு, 1974இல் வேலையை விட்டார். வேலையிழந்தோர் உதவித்தொகை கேட்டபோது, விலகியதற்குக் காரணம் கேட்டார்கள். தனக்கு நேர்ந்ததைச் சொல்லச் சொல் கிடைக்காமல், சொந்தக் காரணம் என்றார். சொந்தக் காரணத்துக்காக விலகியவருக்கு உதவித்தொகை இல்லை. மனு தள்ளுபடியானது.

அப்பல்கலைக்கழகத்தில் பெண்களும் வேலையும் பற்றிப் பாடம் நடத்திய லின் ஃபார்லி, தம் வகுப்பு மாணவியர் பலருக்கும் இதே அனுபவம் இருப்பதை ஏற்கெனவே கண்டிருந்தார். வுட்டுக்காகத் திரண்ட பெண்கள், மிரட்டல், வற்புறுத்தல், சுரண்டல் என்று ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்த்தார்கள். எதுவும் போதவில்லை. பார்வையில் தொடங்கிப் பணிநீக்கத்தில் முடியும் முழு வரிசையும் அடங்க வேண்டுமே! இறுதியில் தேர்ந்தது துன்புறுத்தல். 1975 மே மாதம் இத்தாகாவில் நடந்த கூட்டத்தில் பெண்கள் தங்களுக்கு நேர்ந்ததை அச்சொல்லால் பொதுவெளியில் பேசினார்கள்.

அதே ஆண்டு நியூயார்க் நகர மனித உரிமை ஆணையத்தின் முன் ஃபார்லி சாட்சியம் அளித்தபோது அதன் தலைவராக இருந்தவர் எலினார் ஹோம்ஸ் நார்ட்டன். 1980இல் கூட்டாட்சி அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் பாலியல் துன்புறுத்தலைப் பாகுபாடு என வகுத்து நெறிமுறை வெளியிட்டபோதும் தலைவர் அவரே. இடையில், 1979இல், கேத்தரின் மெக்கின்னனின் நூல் அதற்கான சட்டத் தர்க்கத்தைக் கட்டித் தந்திருந்தது. 1986இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஏற்றது. வுட்டுக்கு மட்டும் அந்த உதவித்தொகை கிடைக்கவே இல்லை.

இந்தியாவுக்கு இச்சொல் வந்த வழி வேறு. ராஜஸ்தான் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘சாத்தின்’ எனப்படும் ஊழியராக இருந்த பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதால் 1992இல் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை வன்புணர்வுக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அதற்கு முன்பே மகளிர் அமைப்புகள் தொடுத்திருந்த வழக்கில், 1997 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் விசாகா நெறிமுறைகளை வகுத்தது. வயலிலும் தெருவிலும் அரசு வேலை பார்த்த ஓர் ஏழைப் பெண்ணின் வழக்கிலிருந்து கிளைத்த சொல்லை, இன்று குளிரூட்டிய அலுவலகங்களின் பயிற்சி வகுப்புக்குரியதாகச் சுருக்கிவிட்டோம். விசாகாவின் திறவுகோல், பெண்ணால் விரும்பப்படாத நடத்தை என்ற அளவுகோல். அவளுடைய நாணம் அங்கே அளவுகோலாக இல்லை. அவளது விருப்பமின்மை இருந்தது.

தமிழகத்தில் நடந்தது இன்னும் நுட்பமானது. 1998இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர், ஆட்டோவில் வந்த இளைஞர்களின் அத்துமீறலில் கீழே விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். அரசு உடனே அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பின்னர் அது ‘ஈவ் டீசிங்’ தடைச் சட்டமானது. விவிலியத்தின் ஏவாளும் விளையாட்டுச் சீண்டலும் சேர்ந்த இந்திய ஆங்கிலக் கூட்டுச்சொல் அது. ஓர் உயிர் போன பிறகு இயற்றிய சட்டத்துக்கு அந்தப் பெயரா என்று இன்று கேட்கத் தோன்றுகிறது. 2002இல் திருத்தம் வந்தது. சட்டத்தின் பெயரிலேயே அச்சொல் நீங்கித் துன்புறுத்தல் என்பது அமர்ந்தது.

சட்டம் மாறினாலும் சொல்வழக்கு மாறவில்லை. 1999இல் குற்றாலம் சீசன் பாதுகாப்புப் பணிக்கு அனுப்பப்பட்ட காவலர் ஒருவர், தென்காசிப் பேருந்து நிலையத்தில் கணவருடன் காத்திருந்த பெண்ணிடம் அத்துமீறினார். அவரைப் பணிநீக்கம் செய்தது சரியே என்று 2012 நவம்பரில் கூறிய உச்ச நீதிமன்றம், பேருந்து நிலையங்களில் சீருடையற்ற பெண் காவலர்களை நிறுத்தவும் ஆணையிட்டது. அத்தீர்ப்பு முழுவதும் ‘ஈவ் டீசிங்’ என்றே பேசுகிறது. அச்சொல்லுக்குப் பதிலாகத் தெருவில் நிகழும் பாலியல் துன்புறுத்தல் என்று எழுதுமாறு அதே நீதிமன்றத்தின் கையேடு பரிந்துரைத்தது 2023 ஆகஸ்டில்தான்.

இன்னும் அசையாமல் இருப்பது ‘ஒருதலைக் காதல்’. இதற்கு நம்மிடம் பழைய இலக்கிய மரபே உண்டு. தொல்காப்பியம் காட்டும் கைக்கிளையில் ஆண், காமம் முதிராத இளம்பெண்ணிடம் பேசி, மறுமொழி பெறாமல், தான் சொன்னதிலேயே இன்பம் காண்கிறான். மரபு அதை ஐந்திணைக்குப் புறத்தேதான் நிறுத்தியது. நம் சினிமாவோ கதாநாயகனின் தகுதியாக்கியது. 2013 சட்டத்திருத்தம் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்த்த 354டி பிரிவு, இப்போது அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு, பெண் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதைக் குற்றமாக்குகிறது. அவன் எவ்வளவு நேசித்தான் என்ற வினாவுக்கு அந்த வரையறையில் இடமில்லை. முதல் முறைக்கு மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் ஜாமீனில் விடத்தக்க குற்றம். இரண்டாம் முறைக்கு ஐந்து ஆண்டு வரை. ஜாமீன் உரிமை கிடையாது. பின்தொடர்ந்தவனை அவள் முதல் முறை புகார் செய்தால், அவன் ஜாமீனில் வந்து அதே பேருந்து நிறுத்தத்தில் நிற்க முடியும். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் நாளிதழ் ‘ஒருதலைக் காதல் விபரீதம்’ என்று தலைப்பிடுகிறது.