முதலீட்டு ஆலோசகரின் கடமைகள்

பணத்தை எதில், எவ்வளவு, எத்தனை காலத்துக்குப் போடலாம் என்று கட்டணம் பெற்றுக்கொண்டு சொல்பவர் முதலீட்டு ஆலோசகர். இந்தியாவில் அவர் வாடிக்கையாளருக்கு ஆற்ற வேண்டிய கடமைகளை, செபி எனப்படும் இந்தியப் பங்குகள் மற்றும் பரிவர்த்தனை வாரியம் 2013-இல் வெளியிட்ட முதலீட்டு ஆலோசகர் ஒழுங்குமுறைகள் வகுத்துள்ளன. வாடிக்கையாளரைத் தவிர வேறு எவரிடமும் ஆலோசகர் காசு வாங்கக்கூடாது என்பதே இவற்றுள் தலையாயது. மற்றக் கடமைகள் பெரும்பாலும் இதன் கிளைகளே.

தென்புறநகர்ச் சூழல்

இக்கடமைகள் யாருக்கு, ஏன் தேவை என்பதைச் சென்னையின் தென்புறநகரில் பார்க்கலாம். தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் தாண்டிச் செங்கல்பட்டுக்கு முன்னால் வருவது சிங்கப்பெருமாள் கோவில். பாடலாத்ரி நரசிம்மர் குடைவரைக் கோயிலால் பெயர் பெற்ற ஊர். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பகுதிகளுக்கான சாலை இங்குதான் பிரிகிறது. மஹிந்திரா வேர்ல்டு சிட்டியும் பக்கம். விளைநிலங்கள் மனைகளாகவும் ஆலைகளாகவும் மாறிய இப்பகுதியில், வாழ்நாளில் ஒரே முறை பெருந்தொகையைக் கையில் வாங்கும் குடும்பங்கள் ஏராளம். நிலம் விற்ற விவசாயி, பணிக்கொடையோடு வீடு திரும்பும் ரயில்வே ஊழியர், 2022-இல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது ஈட்டுத்தொகை பெற்ற தொழிலாளி என்று பட்டியல் நீளும். இவர்களுக்குத் தவறான யோசனை சொல்லப்பட்டால், இழந்ததை மீண்டும் சம்பாதிக்க வயதும் இருப்பதில்லை, வழியும் இருப்பதில்லை.

இப்பகுதியில் மனைத் தரகர் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் தரகு பெறுவது ஊரறிந்த வழக்கம். அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. முதலீட்டு ஆலோசகருக்குச் சட்டம் தடுப்பது அந்த இருபக்க வரும்படியைத்தான்.

முன்வரலாறு

இக்கடமை செபி புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், முகவர் தம் முதலாளிக்குத் தெரியாமல் அவருடைய காரியத்தில் சொந்த லாபம் பார்த்தால் அந்த லாபத்தைக் கேட்டுப் பெறும் உரிமையை முதலாளிக்கு வழங்கியது. 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் 88-ஆம் பிரிவில் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பங்காளி, முகவர், நிறுவன இயக்குநர், சட்ட ஆலோசகர் என்று நம்பிக்கைக்குரிய நிலையில் இருப்பவர் அந்த நிலையைப் பயன்படுத்தி அடைந்த ஆதாயம், யாருடைய நலனைக் காக்க வேண்டியவரோ அவருக்கே சேரும் என்றது. பிறர் பணத்தில் கைவைப்பவருக்கு இந்திய நீதிமன்றங்கள் இன்றும் விதிக்கும் நெறியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சட்டம் இருந்தும் சென்னைக்கு முதல் பெரும் அடி 1906-இல் விழுந்தது. பாரி, பின்னி ஆகியவற்றோடு ஒருசேர எண்ணப்பட்ட ஆர்பத்நாட் கம்பெனி, வணிகத்தோடு வங்கித் தொழிலும் நடத்தியது. ‘வெள்ளைக்காரர் கம்பெனி, சர் பட்டம் பெற்றவர் தலைமை’ என்ற மதிப்பே அதன் விளம்பரம். அரசு அலுவலர்களும் ஓய்வூதியர்களும் விதவைகளும் சேமிப்பை அதில் வைத்திருந்தனர். 1906 அக்டோபர் 22 அன்று அது பணம் கொடுப்பதை நிறுத்தியது. கடன் கொடுத்தவர்கள் ஏறத்தாழ 7,000 பேர். கொடுக்க வேண்டியது ஏறத்தாழ 10 லட்சம் பவுண்டு. லண்டனில் ஊக வணிகத்தில் நேர்ந்த இழப்புகள் சென்னைச் சேமிப்பாளரின் தலையில் விடிந்தன. லண்டன் கிளை அமைப்பை நடத்திய மெக்ஃபேடியன் அதே நாட்களில் உயிரை மாய்த்துக்கொண்டார். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் மீது வழக்கு நடந்து, 18 மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது.

கடன் கொடுத்தவர்கள் சார்பில் வாதாடிய வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர், நம்மவர் பணத்தை நம்மவரே காக்க ஒரு வங்கி வேண்டும் என்று முன்னின்றார். 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. தமிழ்நாட்டின் நிதி வரலாற்றில் ஆர்பத்நாட் வீழ்ச்சிக்கு இணையான பாடம் வேறில்லை. சேமிப்பவருக்குத் தெரியாமல் அவருடைய பணம் எங்கே போகிறது என்ற கேள்வி அன்று எழுந்தது. பெரிய இடம் என்ற மதிப்பு அதற்குப் பதிலாகாது என்பதும் அன்றே தெரிந்துவிட்டது.

இதற்கு நேர் எதிரான மரபாக, உறுப்பினர்களின் பணத்தை உறுப்பினர்களுக்கே கடன் தரும் நிதிகள் சென்னையில் இருந்தன. 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் அவற்றுள் புகழ்பெற்றது. சீட்டு நடத்துவோருக்குத் தமிழ்நாடு 1961-இலேயே தனிச் சட்டம் இயற்றியது. பிறகு 1982-இல் மத்தியச் சட்டம் வந்தது. சீட்டு நடத்துபவர் எடுத்துக்கொள்ளும் கமிஷன் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு 2019-இல் 7 விழுக்காடாக உயர்ந்தது. தொகையை வெளிப்படையாகச் சொல்லி வாங்கும் கமிஷன் என்ற அளவில் சீட்டு, பல நவீனத் திட்டங்களைவிட நேர்மையானது.

1990-களில் நிதி நிறுவனங்கள் தெருவுக்குத் தெரு முளைத்து, வங்கி வட்டியைப் போல இருமடங்கு தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிக் கவிழ்ந்தன. அதன் விளைவே 1997-இன் தமிழ்நாடு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம். நிறுவனத்தின் சொத்துகளை முடக்கித் தனி நீதிமன்றம் வழியாக வைப்பீட்டாளருக்குப் பங்கிட இது வழிசெய்தது. உச்ச நீதிமன்றம் 2011-இல் இச்சட்டத்தைச் செல்லும் என்று உறுதிப்படுத்தியது. ஆருத்ரா கோல்டு நிறுவனத்தின் மீதான வழக்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் ரூ. 2,438 கோடி திரட்டப்பட்டதாகக் காவல்துறை கூறியிருப்பது, மோசடி பழைய காலத்தோடு முடியவில்லை என்பதைக் காட்டுகிறது. இத்தகைய திட்டங்கள் பரவுவது அறிமுகமானவர் வழியாகத்தான். உறவினர், உடன் வேலை செய்பவர், தெரிந்த முகம் என்று சேர்த்துவிடுபவருக்குக் கமிஷன் உண்டு. அது சேருபவருக்குச் சொல்லப்படுவதில்லை.

அமெரிக்கா 1940-இலேயே முதலீட்டு ஆலோசகர் சட்டம் இயற்றிவிட்டது. இந்தியாவில் செபி 1992-இல் சட்ட அதிகாரம் பெற்றும், ஆலோசகருக்கான விதி வர மேலும் 21 ஆண்டுகள் ஆயின.

கடமைகளின் வகை

முதல் வகை, விசுவாசம். ஆலோசகர் நம்பிக்கைப் பொறுப்பில் இருப்பவராக நடந்து, நலமுரண் எழும்போதெல்லாம் அதை வெளிப்படுத்த வேண்டும். தாம் தரும் யோசனைக்கு மாறாகத் தம் சொந்தக் கணக்கில் 15 நாட்களுக்கு வாங்கவோ விற்கவோ கூடாது. நிலைமை மாறியதால் அப்படிச் செய்ய நேர்ந்தால், 24 மணி நேரத்துக்கு முன்பே திருத்திய மதிப்பீட்டை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இரண்டாம் வகை, பொருத்தம். வாடிக்கையாளரின் வயது, வருமானம், கடன், குறிக்கோள், எவ்வளவு காலம் பணத்தைத் தொடாமல் இருக்க முடியும், எவ்வளவு இழப்பைத் தாங்குவார் என்பவற்றைக் கேட்டறிந்த பிறகே யோசனை சொல்லலாம். கேள்விப் படிவம் எப்படி இருக்க வேண்டும் என்பதைக்கூட விதி சொல்கிறது. தெளிவற்ற கேள்வி, இரட்டை எதிர்மறை, புரியாத மொழி, வேண்டிய பதிலை நோக்கித் தள்ளும் கேள்வி ஆகியவை கூடாது. சிங்கப்பெருமாள் கோவிலில் நிலம் விற்ற ஒருவருக்கு ஆங்கிலப் படிவத்தை நீட்டி, கட்டம் போட்ட இடத்தில் கையெழுத்து வாங்குவது இந்த விதியின் நோக்கத்துக்கே விரோதம்.

மூன்றாம் வகை, வெளிப்படைத்தன்மையும் பதிவும். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம். ஆவணங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். தனிநபர் வாடிக்கையாளரிடம் நிலையான கட்டணமாக ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 1,25,000-க்கு மேல் வாங்கக்கூடாது என்று 2020-இல் விதிக்கப்பட்ட உச்சவரம்பு, 2025-இல் ரூ. 1,51,000 ஆயிற்று. ஆலோசனைக்கு உட்பட்ட தொகையின் விழுக்காடாகக் கட்டணம் வாங்கினால் உச்சம் 2.5 விழுக்காடு.

நான்காம் வகை, பிரிவினை. ஒரே வாடிக்கையாளருக்கு ஆலோசனையும் விற்பனையும் சேர்த்துச் செய்ய முடியாது. மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர்கள் தங்கள் விற்பனையோடு ஒட்டிச் சொல்லும் யோசனைக்குப் பதிவு தேவையில்லை என்று ஒரு விலக்கு இருக்கிறது. காப்பீட்டு முகவருக்கும் அப்படியே. ஆனால் விநியோகஸ்தர் தம்மைச் சுயேச்சை நிதி ஆலோசகர் என்று அழைத்துக்கொள்வதை 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்தது. விற்பவரிடம் கமிஷன் வாங்குபவர் எவ்வளவு நல்லவராயினும் ஆலோசகர் ஆகார்.

கமிஷனின் கனத்தை ஒரு கணக்கில் காணலாம். 2013 ஜனவரி முதல் மியூச்சுவல் ஃபண்டில் கமிஷன் இல்லாத நேரடித் திட்டம் உண்டு. ரூ. 10 லட்சம் ஆண்டுக்கு 12 விழுக்காடு வளர்ந்தால் 20 ஆண்டில் ரூ. 96.46 லட்சம் ஆகும். செலவில் ஒரு விழுக்காடு கூடி 11 விழுக்காடாகக் குறைந்தால் ரூ. 80.62 லட்சம்தான். வித்தியாசம் ஏறத்தாழ ரூ. 15.8 லட்சம்; போட்ட முதலைவிட அதிகம். வளர்ச்சி விகிதம் இங்கே எடுத்துக்காட்டுக்காகக் கொண்டது, யாரும் உறுதி தரக்கூடியதல்ல.

இன்றைய நிலை

2024 டிசம்பர் திருத்தம் கல்வித் தகுதியைத் தளர்த்தி, நிகர மதிப்புக்குப் பதிலாக வாடிக்கையாளர் எண்ணிக்கைக்கேற்ற வைப்புத்தொகையைக் கொண்டுவந்தது. பதிவு பெற்ற ஆலோசகர்கள் நாடு முழுவதற்கும் மிகக் குறைவு. பதிவின்றி ஆலோசனைத் தொழில் நடத்துவது செபி சட்டப்படி 10 ஆண்டு வரை சிறைக்கும் ரூ. 25 கோடி வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். பதிவு எண் ஐ.என்.ஏ. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். அதைச் செபியின் இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம். குறையிருந்தால் முதலில் ஆலோசகரிடமும், தீராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்திலும் கட்டணமின்றிப் புகார் அளிக்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், ‘இதில் உங்களுக்கு வேறு யார் பணம் தருகிறார்கள்?’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் உண்டு.