சுருக்கியவர்களே சரிபார்த்தார்கள்

தரவுத்தளத்தின் பேக்கப்பைச் சுருக்குவது ஒரு வேலை, அது கெடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது வேறொரு வேலை என்ற எண்ணம் இன்றும் பல அலுவலகங்களில் இருக்கிறது. முன்னதை அன்றாடம் செய்கிறார்கள், பின்னதை ஒத்திப்போடுகிறார்கள். கான்பெராவிலும் மெல்போர்னிலும் பிறந்த சில கருவிகளின் வரலாறு இந்தப் பிரிவினை தவறு என்று காட்டுகிறது. சுருக்குவது என்றால் திரும்பத் திரும்ப வருவதை நீக்குவது. சுருக்காத எஸ்கியூஎல் கோப்பில் ஒரு பைட் கெட்டால் பெரும்பாலும் ஒரு வரியோடு சேதம் நிற்கும். சுருக்கிய கோப்பில் அதே ஒரு பைட், பின்னால் வருவதையெல்லாம் விரியவிடாமல் செய்துவிடலாம்.

1996 ஜூனில் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் ஆர்சிங்க் முறையை வெளியிட்டார்கள். மெதுவான இணைப்பில் கோப்பு முழுவதையும் அனுப்பாமல், மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது அதன் நோக்கம். எது மாறியது என்று கண்டறிவதே செக்சம் எனப்படும் சரிபார்ப்பு எண்களால்தான்: கோப்பைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் விரைவாகக் கணக்கிடும் 32 பிட் எண் ஒன்றும், உறுதிசெய்ய 128 பிட் எம்டி4 எண் ஒன்றும். முடிவில் முழுக் கோப்புக்கும் சரிபார்ப்பு உண்டு. இங்கே அனுப்பும் அளவை மிச்சம் பிடிப்பதும் சோதிப்பதும் ஒரே கணக்கு.

1999இல் டிரிட்ஜெல் சமர்ப்பித்த ஆய்வேடு அதே யோசனையைக் கோப்புச் சுருக்கத்துக்கும் நீட்டியது. ஆர்சிப் அப்படி வந்தது. பரவலாகப் பயன்படும் சுருக்கக் கருவியான ஜிசிப் 32 கிலோபைட் தூரம்தான் திரும்பிப் பார்க்கும். ஆர்சிப் 900 மெகாபைட் வரை பார்க்கும். ஒரே விவரம் வெகுதூரம் தள்ளி மீண்டும் வரும் தரவுத்தள டம்ப்புக்கு, அதாவது தரவுத்தளத்தை எழுதி எடுத்த கோப்புக்கு, இது பெரிய லாபம். மெல்போர்னில் மயக்க மருந்து நிபுணராகப் பணிபுரிந்த கான் கோலிவாஸ், இதை வளர்த்து எல்ஆர்சிப்பாக்கினார். பார்வைத் தூரம் கூடினால் ஆபத்தும் கூடும்: பல இடங்களுக்குப் பொதுவான துண்டு ஒரே ஒருமுறைதான் எழுதப்படுகிறது, அது கெட்டால் அத்தனை இடமும் கெடும். எல்ஆர்சிப்பின் பின்னாள் பதிப்புகளில் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணுக்குப் பதிலாக எம்டி5 வந்ததை இந்தக் கணக்கில் பார்த்தால் அது இயல்பான அடுத்த படி.

எம்டி5 உடைக்கப்பட்டுவிட்டதே என்பார்கள். வேண்டுமென்றே ஏமாற்றுபவருக்கு எதிராக அது போதாது, உண்மை. வட்டுக் கோளாறைப் பிடிக்கத் தாராளமாகப் போதும். இன்னொரு மறுப்பு கனமானது: கோப்பு மாறவில்லை என்றுதான் செக்சம் சொல்லும், முதலிலேயே அரைகுறையாக இருந்ததைச் சொல்லாது. மைஎஸ்கியூஎல் டம்ப் பாதியில் நின்றாலும் குழாய்வழி வந்ததை ஜிசிப் ஒழுங்காகச் சுருக்கி, சரியான சிஆர்சியும் போட்டுவிடும். கடைசியில் வரவேண்டிய ‘டம்ப் முடிந்தது’ வரி மட்டும் இருக்காது. 2017 ஜனவரி 31 அன்று நிரல் சேமிப்புத் தளமான கிட்லேபில் முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிந்தபோது, பதிப்பு பொருந்தாததால் டம்ப்புகளே எடுக்கப்படாமல் இருந்தது தெரியவந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த வட்டு நகல்தான் கைகொடுத்தது. இது செக்சத்தை வீண் என்று ஆக்கவில்லை. சோதனையை இன்னும் முன்னால், டம்ப் எடுக்கும் கட்டளைக்கே கொண்டுபோகச் சொல்கிறது. குழாயில் எந்தக் கட்டளை தோற்றாலும் வேலை முழுவதும் தோற்றதாகக் கொள்ளவேண்டும், கடைசி வரியைத் தேடிப் பார்க்கவேண்டும், வேறொரு சர்வரில் விரித்து ஏற்றி அட்டவணைகளை எண்ணவேண்டும். இவையும் சுருக்கும் நிரலுக்குள்ளேயே எழுதப்படவேண்டிய வரிகள்.