துறவியர் நட்ட திராட்சை

பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் வோன்-ரொமானே என்னும் சிற்றூரை அடுத்த சரிவில், நாலரை ஏக்கர் அளவே உள்ள ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. ரொமானே-கோந்தி என்பது அதன் பெயர். ஆண்டுக்குச் சில ஆயிரம் புட்டிகளே கிடைக்கும் அதன் சிவந்த இரசத்தை உலகின் செல்வர்கள் போட்டியிட்டு வாங்கிச் சேமிக்கிறார்கள். 1945-ஆம் ஆண்டின் புட்டி ஒன்று, 2018-இல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்கு விலைபோயிற்று. நம் பணத்தில் அது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ நான்கு கோடி ரூபாய்.

இந்நிலத்தின் வரலாற்றைப் புரட்டினால் நாம் முதலில் காண்பது துறவியரையே. இடைக்காலத்தில் அது புனித விவான் மடத்து ஆசீர்வாதப்பர் சபைத் துறவியருக்கு உரியதாயிருந்தது. பலிபீடத்திற்கும் பந்திக்கும் இரசம் வேண்டியிருந்ததால், திராட்சை வளர்ப்பது மடங்களின் அன்றாட உழைப்பாயிற்று. 1584-இல் தோட்டம் மடத்தின் கையைவிட்டுப் போனது. 1760-இல் அதை வாங்கிய கோந்தி இளவரசர், விளைந்ததைத் தம் விருந்துக்கென்றே ஒதுக்கிக்கொண்டார் என்பர். பிரெஞ்சுப் புரட்சியில் அது பறிமுதலாகி ஏலம் போயிற்று. நாபோத்தின் தோட்டத்தை விரும்பிய ஆகாபு நம் நினைவுக்கு வருகிறான்.

இன்றைய உரிமையாளர்கள் நிலத்தைப் பேணும் முறை கருதத்தக்கது. 1924-இல் ருடால்ஃப் ஸ்டைனர் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து பிறந்த 'பயோடைனமிக்' வேளாண்மையை அவர்கள் 2007 முதல் தோட்டம் முழுவதும் கைக்கொண்டுள்ளனர். அம்முறையில் இரசாயன உரத்திற்கு இடமில்லை. பசுவின் கொம்பில் சாணம் நிரப்பிக் குளிர்காலம் முழுவதும் மண்ணில் புதைத்து, பின்னர் நீரில் கரைத்துத் தெளிப்பர்; நிலவின் போக்கையும் பார்ப்பர். கொம்பின் ஆற்றலை அறிவியல் ஏற்கவில்லை. ஆயினும் மண்ணை நஞ்சாக்கலாகாது என்பதை, சாணத்தின் அருமை அறிந்த நம் உழவர்க்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் மாநிலத்திலும் துறவறத்தார் கொணர்ந்த திராட்சை உண்டு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையைத் தமிழகத்திற்கு 1832-இல் கொண்டுவந்தவர் பிரெஞ்சுக் குரு ஒருவர் என்று கூறப்படுகிறது. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் அது ஆண்டு முழுவதும் காய்க்கிறது. இரசம் செய்ய ஏற்ற அக்கனி எந்த இளவரசரின் நிலவறைக்கும் போகவில்லை. எண்ணற்ற சிறு உழவர்களின் பந்தலில் பழுத்து, தள்ளுவண்டியேறி, ஏழையின் வீட்டுக் குழந்தைக்கும் எட்டுகிறது.

இவ்விரு கொடிகளில் திருச்சபையின் கருத்துக்கு இசைந்தது எது? திருப்பலி இரசம் திராட்சையிலிருந்து இயல்பாய் எடுத்ததாயும் கெடாததாயும் இருக்கவேண்டும் என்பதே திருச்சபைச் சட்டத்தின் 924-ஆம் பிரிவு. விலையையோ வயதையோ அது கேட்பதில்லை. மடத்துத் துறவியரும் பெயரறியாத அக்குருவும் ஒரே நோக்கில்தான் கொடி வளர்த்திருப்பர். ஒன்று பூட்டிய அறைக்குள் போயிற்று. மற்றொன்று ஊருக்கெல்லாம் பொதுவாயிற்று.

கானாவூரில் ஆறு கற்சாடிகள் நிரம்பிய நல்ல இரசத்தை எவரும் எடுத்துவைத்ததாக யோவான் எழுதவில்லை. மணவீட்டார் அதை விருந்தினருக்குப் பரிமாறினர். நல்லதை நாம் பெற்றிருக்கிறோம் என்றால், அது பந்தியில் இருப்பவர்க்கெல்லாம் எட்டுகிறதா என்று பார்ப்பதே நம் கடமை.