புளித்த பாலும் புற்றுநோயும்

புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தை 1780-ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர் சுவீடனில் வாழ்ந்த ஷீலே என்னும் இரசாயன அறிஞர். ஓடிக் களைத்தவனின் தசையிலும் இதே அமிலம் பெருகுவது பிற்காலத்தில் தெரியவந்தது. பிராணவாயு போதாத வேளையில், சர்க்கரையை முழுதும் எரிக்க முடியாமல் உயிரணு ஒதுக்கித் தள்ளும் கழிவே அது என்று நெடுங்காலம் கருதப்பட்டது.

அந்தக் கருத்துக்கு முரணான ஒன்றை 1920-களில் கண்டார் ஓட்டோ வார்பர்க். பெர்லினின் டாலெம் பகுதியில் இருந்த ஆராய்ச்சிக் கூடத்தில், எலியின் புற்றுக்கட்டியை மெல்லிய சீவல்களாக்கி, அழுத்தமானி பொருத்திய குப்பிகளில் இட்டார். அமிலம் பிறந்தால் கரைசலிலுள்ள பைகார்பனேட்டிலிருந்து கரியமிலவாயு கிளம்பும். அதன் அழுத்தமே அமிலத்தின் அளவைக் காட்டிவிடும். எளிய சூழ்ச்சிதான், ஆனால் மிகத் துல்லியமானது. பிராணவாயு தாராளமாக இருந்தும், கட்டி சர்க்கரையை அமிலமாக்கிக்கொண்டே இருந்தது!

1925-இல் அமெரிக்காவில் கோரி தம்பதியர் உயிருள்ள கோழியிலேயே இதைச் சோதித்தனர். கட்டி வளர்ந்த சிறகிலிருந்து திரும்பிய இரத்தத்தில் சர்க்கரை குறைந்தும் அமிலம் மிகுந்தும் இருந்தன.

வார்பர்க் 1931-இல் நோபல் பரிசு பெற்றார். அது புற்றுநோய் ஆராய்ச்சிக்காக அன்று, சுவாச நொதியைக் கண்டறிந்தமைக்காகவே. பலர் இங்கே தவறுகின்றனர். உயிரணுவின் சுவாசம் பழுதுபடுவதே புற்றுநோயின் மூலகாரணம் என்பது அவர் கொள்கை. பல கட்டிகளில் சுவாசம் பழுதின்றி நடைபெறுவதை வைன்ஹவுஸ் 1956-இல் எடுத்துக்காட்டியும் வார்பர்க் இணங்கவில்லை. 1966-இல் லிண்டாவில் நிகழ்த்திய சொற்பொழிவிலும் அதையே வலியுறுத்தினார். கண்டது மெய், சொன்ன காரணம் பிழை. 1970-இல் அவர் காலமானார்.

அதன்பின் கதை வேறு திசையில் திரும்பியது. லாக்டேட் கழிவன்று, ஓர் உயிரணுவிலிருந்து மற்றோர் உயிரணுவுக்குச் செல்லும் எரிபொருள் என்று ஜார்ஜ் புரூக்ஸ் 1980-களில் வாதிட்டார். பிராணவாயு குன்றிய பகுதி வெளியிடும் லாக்டேட்டை, பிராணவாயு மிக்க பகுதி உண்டு வாழ்வதை 2008-இல் எலிகளின் கட்டிகளில் கண்டனர். மனிதரின் நுரையீரல் கட்டிகளும் லாக்டேட்டை எரிப்பது 2017-இல் வெளியாயிற்று.

அது உயிரணுவுக்குள் நுழையும் வாயிலை அடைக்கும் மருந்தொன்றும் உருவாகி, நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. சிலருக்கு விழித்திரையில் மாறுதல்கள் தென்பட்டன. விழித்திரைக்கும் அதே வாயில் தேவைப்படுகிறது.