திரைச்சீலையும் சுவரும்: அமெரிக்க முதியோர் இல்லங்களில் அந்தரங்க உரிமையின் வளர்ச்சி

தன் உடையைத் தானே மாற்றிக்கொள்ள இயலாத நிலையை எய்திவிட்ட ஒரு முதியவருக்கு, அந்தச் சில நிமிஷங்களேனும் பிறர் கண் படாமல் கழியவேண்டும் என்று கேட்கும் உரிமை உண்டா என்ற வினாவுக்கு, அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சட்டம் திட்டவட்டமான விடை கூற இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி கழியவேண்டியிருந்தது. அவ்விடை உருப்பெற்ற வரலாற்றையும் அதில் எஞ்சி நிற்கும் குறையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயாளியின் ரகசியத்தை வைத்தியன் காக்கவேண்டும் என்னும் விதி ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் பிரதிக்ஞையிலேயே உண்டு; அந்தரங்கத்தை ஓர் உரிமையாகவே நிலைநாட்ட முயன்ற வாரன், பிராண்டைஸ் என்னும் வழக்கறிஞர் இருவரின் கட்டுரையும் 1890-லேயே ஹார்வர்டு சட்ட இதழில் வெளிவந்துவிட்டது. ஆயினும், வறியோர் விடுதிகளின் பொதுக்கூடங்களில் வரிசைக் கட்டில்களில் கிடந்த முதியோரை இவை எட்டவில்லை. 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய பொது ஸ்தாபனங்களில் வசிப்போருக்கு முதியோர் உதவித்தொகை இல்லையென விலக்கியதன் விளைவாகத் தனியார் இல்லங்கள் பெருகின. 1965-இல் இயற்றப்பட்ட மெடிகேர், மெடிக்கெய்ட் என்னும் மருத்துவ உதவித் திட்டங்களின் வாயிலாக அரசாங்கத்தின் பணம் அவற்றை வந்தடைந்தபோது, அப்பணத்தோடு நிபந்தனைகளும் வந்தன.

அந்நிபந்தனைகள் முழு உருவம் பெற்றது, முதியோர் இல்லங்களைப் பற்றி மருத்துவக் கழகம் 1986-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1987-இல் நிறைவேறிய முதியோர் இல்லச் சீர்திருத்தச் சட்டத்தில்தான். தங்குமிடம், சிகிச்சை, கடிதம், தொலைபேசி, உற்றார் வருகை ஆகிய அனைத்திலும் அந்தரங்கம்; சொந்த விவரங்களுக்கும் மருத்துவக் குறிப்புகளுக்கும் ரகசியக் காப்பு என்று அது விதித்தது. மகன் எழுதிய கடிதத்தை உறை பிரியாமல் தம் கையில் வாங்கிப் பிரிப்பதும் இதன்படி முதியவரின் சட்டபூர்வமான உரிமை.

எனினும், அதே சட்டம், தனியறை தரவேண்டும் என்று அந்தரங்க உரிமைக்குப் பொருள் கொள்ளலாகாது எனவும் கூறிவிட்டது. 1992 மார்ச் 31-க்குப் பின் சான்று பெறும் இல்லங்களில், தனியறை ஒழிந்த ஏனைய அறைகளில், கட்டிலைச் சுற்றி மறைக்கும் திரைச்சீலை கூரையிலிருந்து தொங்கவேண்டும் என்று விதிகள் கூறின. திரை கண்ணை மறைக்கும், காதை மறைக்குமா? படுக்கை நனைந்ததைப் பற்றித் தாதி எவ்வளவு தணிந்த குரலில் கேட்டாலும், அடுத்த கட்டிலில் இருப்பவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

1996-ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ஒட்டிப் பிறந்து 2003 ஏப்ரல் 14 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் மருத்துவக் குறிப்புகளுக்கு மேலும் காவல் அளித்தன. பணியாளர் சிலர் முதியோரை இழிவுபடுத்தும் படங்களைக் கைப்பேசியில் எடுத்துப் பரப்பியதை 2015-இல் புரோபப்ளிகா என்னும் செய்தி நிறுவனம் வெளிப்படுத்தவே, மறு ஆண்டில் மத்திய அரசாங்கம் அச்செயலைத் துஷ்பிரயோகமாகக் கருதித் தடுக்குமாறு பணித்தது. ஓர் அறையில் நால்வர் வரை இருக்கலாம் என்ற பழைய விதி, புதிய கட்டிடங்களுக்கு இருவர் என்று குறுகியது 2016 நவம்பரில்தான்.

இவ்வரிசையை நோக்குமிடத்து, நன்னடத்தையால் மாத்திரம் நிறைவேறக்கூடிய உரிமைகள் முன்னே எழுதப்பட்டன என்பதும், செங்கல்லும் பணமும் வேண்டிய உரிமை பின்தங்கிற்று என்பதும் புலனாகும். நாணம் முதுமையில் மங்குவதில்லை. பிறர் கையை நம்பி வாழ நேர்ந்தபின் அது இன்னும் கூர்மையடைகிறது. ஆகையால் சீர்திருத்தம் அடுத்து எடுத்துவைக்கவேண்டிய அடி, திரைச்சீலை தொங்கும் இடத்தில் ஒரு சுவரை எழுப்புவதே.