லாக்-அப் கிளட்ச்: எண்ணெய் நெருக்கடிக்கு முந்திய வரலாறு

ஆட்டோமேட்டிக் கார்களில் லாக்-அப் கிளட்ச் வந்த கதைக்கு ஒரு வழக்கமான விளக்கம் உண்டு. 1973இல் எண்ணெய்த் தடை வந்தது. 1975இல் அமெரிக்கா எரிபொருள் சிக்கனச் சட்டம் இயற்றியது. காலனுக்குச் சராசரி 18 மைல் என்ற முதல் வரம்பு 1978 மாடல் கார்களுக்கு விதிக்கப்பட்டது. அதே மாடல் ஆண்டில் கிரைஸ்லர் தன் டார்க்ஃப்ளைட் கியர்பாக்ஸில் இந்தக் கிளட்சைப் பொருத்தியது. ஆகவே இது நெருக்கடி ஈன்ற கருவி என்கிறது அந்த விளக்கம். காலவரிசை சரிதான், அதிலிருந்து பெறப்படும் காரணத்தை ஏற்க முடியவில்லை.

இந்த வாசிப்பின் அடியில், இக்கிளட்சின் வேலை எரிபொருளை மிச்சப்படுத்துவது மட்டுமே என்ற முற்கோள் இருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. டார்க் கன்வெர்ட்டரில், எஞ்சினோடு சுழலும் இம்பெல்லர் எண்ணெயை வீசுகிறது. டர்பைன் அதை வாங்கிச் சுழல்கிறது. புறப்படும்போது ஸ்டேட்டர் எண்ணெயின் திசையைத் திருப்பி முறுக்குவிசையைப் பெருக்குகிறது. சீரான ஓட்டத்தில் அந்தப் பெருக்கம் தேவைப்படுவதில்லை. ஆயினும் டர்பைன் இம்பெல்லரைவிடச் சற்றுப் பின்தங்கியே சுழல, அந்த இழப்பு எண்ணெயில் வெப்பமாகிறது. கன்வெர்ட்டரின் கவசத்துக்கும் கிளட்சின் பிஸ்டனுக்கும் இடையிலுள்ள எண்ணெயை வடியவிட்டால், மறுபக்க அழுத்தம் பிஸ்டனின் உராய்வுப் பரப்பைக் கவசத்தோடு அழுத்துகிறது. எஞ்சினும் டர்பைனும் ஒன்றாகச் சுழல்கின்றன, நழுவல் நின்றுவிடுகிறது.

ஆனால் 1949இல் வெளிவந்த பேக்கார்டு அல்ட்ராமேட்டிக்கை இந்த முற்கோளால் விளக்க இயலாது. அமெரிக்காவில் பெட்ரோல் மலிவாக இருந்த காலத்து ஆடம்பரக் காரின் கியர்பாக்ஸ் அது. அதன் வழக்கமான ஓட்ட நிலையில் தானாக மாறும் கியர் எதுவும் இல்லை. கார் நேரடி விகிதத்தில், கன்வெர்ட்டரின் பெருக்கத்தை மட்டும் நம்பிப் புறப்படும். பிறகு வேகத்தையும் ஆக்சிலரேட்டரின் நிலையையும் பொறுத்துக் கிளட்ச் பூட்டிக்கொள்ளும். மெல்ல ஓட்டினால் மணிக்குச் சுமார் 15 மைலிலேயே பூட்டும். முழுதாக மிதித்தால் வெகுநேரம் தாமதிக்கும். முந்திச் செல்ல அழுத்தி மிதித்தால் பூட்டு விலகி, கன்வெர்ட்டர் மீண்டும் வேலைக்கு வரும். மற்ற கியர்பாக்ஸ்களில் கியர் மாற்றம் செய்த வேலையை இங்கே கிளட்சே செய்தது. சிக்கனம் அதன் பயன்களில் ஒன்று. அமைப்பின் அச்சாணி வேறு. 1950இல் ஸ்டூடிபேக்கரும் போர்க்-வார்னர் உருவாக்கிய கியர்பாக்ஸில், உச்ச கியருக்கு இத்தகைய பூட்டை வைத்தது.

இதற்கும் முன்னே செல்லலாம். 1930களில் இங்கிலாந்தின் லேலண்ட் பேருந்துகள் சிலவற்றில் லிஷோல்ம்-ஸ்மித் கன்வெர்ட்டர் இருந்தது. புறப்படவும் மேடேறவும் கன்வெர்ட்டர். சமதளத்தில் ஓட்டுநர் நெம்புகோலை மாற்றி நேரடி இணைப்புக்குப் போவார். பேக்கார்டு பொறியாளர்கள் இதிலிருந்து நேரடியாகக் கற்றனர் என்று வாதிட நான் முற்படவில்லை. உருவ ஒற்றுமை கடன் வாங்கியதற்குச் சான்றாகாது. ஆயினும் கன்வெர்ட்டரைப் புறப்பாட்டுக்கும் நேரடி இணைப்பை ஓட்டத்துக்கும் ஒதுக்கும் சிந்தனை, நெருக்கடிக்கு நாற்பதாண்டு முந்தியது என்பது உறுதி.

அப்படியானால் 1950களின் நடுவில் லாக்-அப் கிளட்ச் கார்களிலிருந்து மறைந்தது ஏன்? பெட்ரோல் மலிவு என்ற பதில் போதாது. அது பிறந்தபோதும் பெட்ரோல் மலிவுதான். தயாரிப்புச் செலவும், சிறு நிறுவனங்களின் தளர்ச்சியும் கூடுதல் விளக்கம் தருகின்றன எனக் கருதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. கன்வெர்ட்டரில் உள்ள எண்ணெய், ஆற்றல் இழப்பை உண்டாக்கினாலும் எஞ்சினின் அதிர்வை விழுங்கிவிடுகிறது. பூட்டியதும் ஒவ்வொரு எரிப்பின் துடிப்பும் சக்கரம்வரை செல்லும். பிஸ்டனோடு சுருள்வில் தணிப்பான்கள் சேர்த்ததும், பின்னாளில் கணினி வழியே சிறிதளவு நழுவலை வேண்டுமென்றே அனுமதித்ததும் இதற்காகவே.

தேதிகளில் ஓர் எச்சரிக்கை வேண்டும். மாடல் ஆண்டும் விற்பனைக்கு வந்த ஆண்டும் ஒன்றல்ல. கிரைஸ்லரின் 1978 மாடல்கள் 1977இலேயே கடைக்கு வந்தவை. ஓட்டுநர் கையால் இயக்கியதைச் சேர்ப்பதா, தானாகப் பூட்டியதை மட்டும் எண்ணுவதா என்பதைப் பொறுத்து ‘முதல்’ யார் என்பதும் மாறும். இக்குழப்பங்கள் முழுதும் தீராவிட்டாலும் சட்டத்தின் பங்கை அளவிட்டுச் சொல்ல முடியும்: முன்பே இருந்த கருவி மீண்டும் பரவ உந்துதல் தந்தது 1975 சட்டம். அதைப் பிறப்பித்த பெருமை சட்டத்துக்குரியதன்று.